வெளியே அறம், உள்ளே அரம்

நான் வேலை பார்த்த கம்பெனிப் பிள்ளைகள் இன்னும் என்னைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பிறந்தநாள் கேக்கும் பழைய ஜோக்கும்தான் வரும். போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்குச் சின்னதாக ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வேண்டுமாம், இரண்டு டிஸ்க் போடுகிறது நல்லதா, நாலு போடுகிறது நல்லதா? கீழே ஆளாளுக்கு ஒரு பெட்டியின் படத்தைப் போட்டிருந்தார்கள். வேகம், விலை, வாரன்டி என்று ஒரே அமளி. அந்த ஆடிட்டர் அதற்குள் எதை வைக்கப்போகிறார் என்று ஒரு ஜென்மம் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் கட்டை விரலால் எவ்வளவு திட்ட முடியும்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் முடித்து, பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்தேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவும், வாடிக்கையாளர் கொடுக்கும் ஆறின காபியை முகம் சுளிக்காமல் குடிக்கவும் பழகியதோடு என் பயிற்சி முடிந்தது. அதற்குப் பிறகு வேதாசலம் சாரிடம் மாட்டிக்கொண்டேன்.

வேதாசலம் சார் எங்கள் மேனேஜர். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. எந்த இடத்துக்குப் போனாலும் வாசலிலேயே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். மெஷின் முன்னால் போய் நிற்பார், பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். கை பின்னாலேயே இருக்கும். "தொட்டுட்டு யோசிக்கிறவன் மெக்கானிக், யோசிச்சிட்டுத் தொடறவன் டாக்டர்" என்பார். "ரெண்டுமே இல்லாம சும்மா நிக்கிறவர் யாரு சார்?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பெரிய மனுஷர், ஆனால் கோபத்தில் சின்னக் குழந்தை.

பெட்டி விற்பதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வேகத்தையும் விலையையும் நாங்கள் பேசி முடித்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்: "இது நாளைக்குப் போச்சுன்னா, முதல்ல யார் அழுவாங்க?" வாடிக்கையாளர்கள் அபசகுனம் என்று முகத்தைச் சுருக்குவார்கள். சார் விடமாட்டார். அழப்போகிறவர் யார் என்று தெரிந்தால்தான் பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தெரியும் என்பது அவர் கட்சி. வேலை முடிந்ததும் இன்னொரு வழக்கம். பழைய மெஷினிலிருந்து புதியதற்கு எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது சில ஃபைல்களைத் தொட்டுத் திறக்கச் சொல்வார். அதையும் வாடிக்கையாளர் கையால்தான் திறக்க வேண்டும். அதோடு பழைய மெஷின் தீபாவளி வரைக்கும், இல்லாவிட்டால் பொங்கல் வரைக்கும், எது முன்னால் வருகிறதோ அதுவரை அந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் பழசைத் தூக்கிக்கொண்டு வரத் துடிக்கும் எங்கள் விற்பனைப் பிரிவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூர் மாட வீதி ஒன்றிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். பழைய வீட்டின் மாடியில் ஓர் அகராதி அலுவலகம். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கோமதி அம்மாதான் ஆசிரியர். சென்னை மக்கள் பேசுகிற சொற்களை, பேசினவர் வாய்மொழி வாக்கியத்தோடு சேர்த்துத் தொகுத்துக்கொண்டிருந்தார். கோயில் வாசல், மீன் சந்தை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் நடையாய் நடந்து, கேட்டதைக் கேட்டபடி அட்டையில் எழுதி வருவார். அதைக் கணினியில் ஏற்றுகிறவர் தாஸ். பட்டினப்பாக்கத்துக்காரர், நாற்பதைத் தொட்ட மனிதர், தட்டச்சில் புலி. ஒரு சொல்லுக்கு ஒரு ஃபைல். அந்தச் சொல்லேதான் ஃபைலின் பெயர். ஏதோ கல்லூரி தானமாகக் கொடுத்த பழைய யுனிக்ஸ் மெஷினில் இத்தனை வருஷ உழைப்பும் இருந்தது. அது போடுகிற சத்தத்தில் வாசிக்க முடியவில்லை என்று கோமதி அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வழி சொன்னோம். பெரிய சர்வர் வாங்கலாம். ஆனால் சத்தமும் சூடும் அதே கதைதான், ஏசி வேறு வேண்டும். டேப்பில் ஏற்றிப் பீரோவில் வைக்கலாம். ஆனால் தினம் தேடித் திறக்க முடியாது. மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய சின்னப் பெட்டி. நெட்வொர்க்கில் மாட்டினால் போதும், மேஜையில் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதிலிருந்து எடுக்கலாம், அதில் வைக்கலாம். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. அதன் மேல் ஒரு டம்ளர் காபி வைத்தால் இடம் சரியாக இருக்கும். தாஸ் அதை டிபன் பாக்ஸ் என்றார். கோமதி அம்மா தடவிப் பார்த்து, "பேழைன்னு சொல்லலாம்" என்றார். வாங்குவதென்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. தமிழ்ப் பெயர் வைத்த பிறகு தமிழாசிரியர்கள் எதையும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள்.

சார் தொண்டையைச் செருமினார். நாளைக்கு இது போனால் முதலில் யார் அழுவார்கள்?

கோமதி அம்மா சிரித்தார். "நான்தான். வேற யார்?"

தாஸும் அங்கேதான் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் பெட்டி வந்தது. கற்பூரம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காற்றுப் போகிற ஓட்டையில் சந்தனத்தை அப்பாதீர்கள் என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பழைய மெஷினிலிருந்து புதியதற்குத் தாஸே எல்லாவற்றையும் இறக்கினார். அவர் ஃபைல்கள், அவர் பழக்கம். பிறகு சார் சொன்னபடி கோமதி அம்மா கண்ணை மூடித் தொட்டுத் தொட்டுத் திறந்தார். தேங்காய், ஜன்னல், பிசாத்து, டபாய்ப்பு. எல்லாம் முத்து முத்தாக இருந்தது. காபி குடித்துவிட்டு வந்தோம்.

நவராத்திரி தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை கோமதி அம்மா போன் செய்தார். நான்தான் எடுத்தேன். அவர் குரலே இல்லை அது.

"பத்மா, அறத்தைத் திறந்தா உள்ள அரம் இருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இலக்கியமாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். "அம்மா?" என்றேன்.

"ஆசாரி இரும்பை ராவற அரம். வெளிய அறம்னு பேர் இருக்கு, உள்ள அரம் இருக்கு. பள்ளின்னு பேர், திறந்தா சுவத்துப் பல்லி. உடனே வாங்கோ."

சாரும் நானும் ஆட்டோ பிடித்து ஓடினோம். மாடியில் கோமதி அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். குளம் என்ற ஃபைலுக்குள் குலம். கிளிக்குள் கிலி. விளக்குக்குள் விலக்கு. இறைக்குள் இரை. பேய் பிடித்த வீட்டில்கூட இப்படி நடக்காது. தெப்பக்குளத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு குளத்தைக் காணோம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

சார் கையைப் பின்னால் கட்டியபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் திரையின் எழுத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுவோம், அவ்வளவுதான். இவர்கள் வைத்திருந்த எழுத்துருவில் சின்ன எல் (l) தட்டினால் ல, பெரிய எல் (L) தட்டினால் ள. சின்ன ஆர் (r) ர, பெரிய ஆர் (R) ற. சின்ன என் (n) ன, பெரிய என் (N) ண. பழைய யுனிக்ஸ் மெஷினுக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. அதனால் அறமும் அரமும் அங்கே தனித்தனியாகக் குடித்தனம் நடத்தின. புதுப் பெட்டிக்கும் விண்டோஸுக்கும் இரண்டும் ஒன்றேதான். பெரிய எழுத்துப் பெயர்கள் வரிசையில் முதலில் போய் உட்கார்ந்தன. பின்னால் வந்த சின்ன எழுத்துப் பெயர்கள் அவற்றைத் தள்ளிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டன. பெயர்ப் பலகை மட்டும் பழையபடியே தொங்கியது. எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தேங்காய்க்கு ஜோடி கிடையாது, அதனால் தேங்காய் தப்பித்தது. ஜோடி இருந்த சொற்களில்தான் சாவு விழுந்திருந்தது. ல-ள, ர-ற, ன-ண என்று எழுதுகிற நம்மைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவனுக்கு இந்த விபத்து நடக்கும்?

பெட்டி எதுவும் சொல்லவில்லையா என்று சார் கேட்டார். அப்போதுதான் மூலையில் தாஸ் நிற்பதைப் பார்த்தேன். மொட்டை அடித்த தலையில் முடி கட்டை கட்டையாக முளைத்திருந்தது.

"கேட்டுச்சி சார்," என்றார். "இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு கீது, மாத்தட்டுமான்னு கேட்டுச்சி. ஒவ்வொண்ணா கேட்டுக்கினே இருந்துச்சி. எல்லாத்துக்கும் யெஸ்னு ஒண்ணு இருந்துச்சே, அத்த அமுக்கிட்டேன்."

நான் திட்ட வாயைத் திறந்தேன். சார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இதைக் கண்டுபிடித்ததே தாஸ்தான் என்று கோமதி அம்மா சொன்னார். தாஸின் அம்மா கன்னியம்மா பட்டினப்பாக்கத்தில் நண்டு விற்றவர். கோமதி அம்மா அவரிடமும் போய்ச் சொற்கள் கேட்டு எழுதியிருந்தார். 'வளை' என்ற சொல்லுக்கு, அதாவது நண்டு குடியிருக்கிற பொந்துக்கு, கன்னியம்மா சொன்ன வாக்கியத்தைத்தான் எடுத்துக்காட்டாகப் போட்டிருந்தார். தாஸே சிரித்துக்கொண்டு தட்டச்சு செய்தாராம். பெட்டி வந்த சில நாளில் கன்னியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய தாஸ், முதல் வேலையாக அம்மாவின் வாக்கியத்தை அச்செடுத்து வீட்டில் மாட்டலாம் என்று வளையைத் திறந்தார். உள்ளே வலை இருந்தது. மீன் பிடிக்கிற வலை.

"போட்டோ கீது மேடம்," என்று என்னிடம் சொன்னார் தாஸ். "பேச்சு இங்க மட்டுந்தான் இருந்துச்சி. நானே அமுக்கி அழிச்சிட்டேன்."

ஞாபகம் இல்லையா என்றேன். கேட்டிருக்கக் கூடாது. முதல் பாதி மட்டும்தான் வருகிறது, நண்டு வளைக்குள் கையை விட்டால் நண்டு கவ்வும் என்று, அதற்கு மேல் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நாற்பது வயது ஆண் அப்படிக் குலுங்கி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோமதி அம்மா அழவில்லை. முதலில் அழப்போகிறவர் நான்தான் என்று சொன்னவர், தாஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கையெழுத்து அட்டைகள் எங்கே என்று கேட்டேன். இதற்கு வந்த பதில்தான் எனக்கு அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. ஏற்றி முடித்த அட்டைகளையெல்லாம் கோமதி அம்மா ஆடிப்பெருக்கன்று மூட்டை கட்டிக்கொண்டுபோய்ப் பட்டினப்பாக்கம் கடலில் விட்டுவிட்டாராம். சரஸ்வதி அல்லவா, குப்பையில் போடலாமா, காலில் மிதிபடலாமா? பழைய ஏட்டை ஆற்றில் விடுவது போல விட்டாராம். படித்த மனுஷி! எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பழைய மெஷின்?" என்றார் சார். அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

தீபாவளி வரை வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அவர் சொன்னதை கோமதி அம்மா மறக்கவில்லை. மாடியில் இடமில்லை என்று கீழே வீட்டுக்காரர் ஜெயம் மாமியிடம் கொடுத்து வைத்திருந்தார். தாஸ்தான் அதைக் கீழ்வாசல் வரை தூக்கிவந்து வைத்தார். மாமியின் பிள்ளை உள்ளே எடுத்துப் போனார். தாஸ் அந்த வாசலைத் தாண்டிப் போனதில்லை. பக்கவாட்டு இரும்புப் படிதான் எப்போதும் அவருக்கு வழி. யாரும் போகாதே என்று சொன்னதில்லை, யாரும் வா என்றும் சொன்னதில்லை.

நாங்கள் கீழே போனோம். கூடம் நிறையக் கொலு. வெள்ளை வேஷ்டி விரித்த படிகளில் தசாவதாரம், செட்டியார் பொம்மை, மரப்பாச்சி, நடுவில் கலசம். சுண்டல் வாசனை. மெஷின் எங்கே மாமி என்றேன். மாமி நடுப்படியைக் காட்டினார். வேஷ்டி நுனியைத் தூக்கிப் பார்த்தால், எங்கள் யுனிக்ஸ் மெஷின் பலகையைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. அதற்கு மேல்தான் கலசம், அதற்கு மேல் மற்ற படிகள். பக்கத்தில் குத்துவிளக்கு எரிகிறது. பழைய டிரங்குப் பெட்டி துருப்பிடித்துவிட்டதாம், இது அளவாக இருந்ததாம்.

இதை எடுக்க வேண்டும் என்று சார் மெதுவாகச் சொன்னார்.

"நன்னாருக்கு! நவராத்திரி நடுவுல படியைப் பிரிக்கப்படாது. கலசம் வெச்சாச்சு. விஜயதசமி ஆகட்டும், தாராளமா எடுத்துண்டு போங்கோ."

விஜயதசமி வரை நேரமில்லை. நல்ல நாள் என்று விஜயதசமியன்றே அச்சு வேலை தொடங்கப் பதிப்பாளர் முடிவு செய்திருந்தார். கோமதி அம்மா மாடிக்குப் போய் அவருக்குப் போன் செய்து கெஞ்சினார். விட்டுப்போன சொற்களை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் போனை வைத்துவிட்டாராம். அந்த மாதிரிப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வருமா என்ன? விஜயதசமி வரை அந்த விளக்கும், கலசத் தண்ணீரும், வந்து போகிற குழந்தைகளும் மெஷினை என்ன பாடு படுத்துமோ என்று வேறு எனக்கு உதறல். மாமியிடம் நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். மாமியும் உயர்த்தினார்.

சத்தம் கேட்டு வாசலில் தாஸ் வந்து நின்றார். நடைக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில். மாமி அவர் தலையைப் பார்த்தார்.

"யாரு போயிட்டா?"

"அம்மா, மாமி."

படிக்கு அடியில் இருக்கிற பெட்டியில் அவர் அம்மாவின் பேச்சுதான் இருக்கிறது என்று கோமதி அம்மா சொன்னார். மாமி திரும்பிக் கொலுவைப் பார்த்தார். மறுபடி தாஸைப் பார்த்தார்.

"என்ன சொன்னா உங்கம்மா?"

"நண்டு வளைக்குள்ள கைய வுட்டா நண்டு கவ்வும்னு சொல்லும் மாமி."

"மிச்சம்?"

"தெரில மாமி. அது அந்தப் பொட்டிலதான் கீது."

மாமி உள்ளே போனார். கற்பூரத்தட்டோடு வந்தார். ஆரத்தி காட்டினார். கலசத்தை லேசாக வடக்கே நகர்த்தினார். பிறகு மரப்பாச்சியை எடுத்துப் படியில் படுக்க வைத்தார். விஜயதசமி இரவு செய்கிறதை, சரஸ்வதி பூஜைகூட வராத ஒரு காலையில் செய்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் போட்ட சண்டைக்கெல்லாம் அசையாதவர்.

"நீதானே கொண்டுவந்து வெச்சே?" என்றார் தாஸிடம். "நீயே உள்ள வந்து எடு. பொம்மையெல்லாம் பாத்து, உடைச்சுடாதே."

தாஸ் காலைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாமி கையில் கொடுத்தார். மாமி வாங்கி வைத்தார். மெஷினைத் தூக்கியதும், எந்தப் படி வழியாக மேலே போவது என்று தெரியாமல் நின்றார். கூடத்து மாடிப்படி வழியாகவே போகச் சொல்லி மாமி கையைக் காட்டினார்.

மாடியில் மெஷினை மாட்டி ஸ்விட்சைப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. கோமதி அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தப் பழைய சனியன், காதில் பஞ்சு வைக்கவைத்த அதே சத்தத்தைப் போட்டது பாருங்கள், நாதஸ்வரம் கேட்ட மாதிரி இருந்தது. மாமி மூச்சிரைக்கப் படியேறி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தாஸ் வளையைத் திறந்தார். திரையில் இருந்ததை அவர் படித்தார். முதலில் தன் குரலில் ஆரம்பித்தார், முடிக்கும்போது அது அவர் குரலாக இல்லை.

"நண்டு வளைக்குள்ள கைய வுட்டா நண்டு கவ்வும். வுடாங்காட்டி வவுறு கவ்வும்."

"வயிறு கவ்வுமா..." என்று மாமி தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காணாமல் போன சொற்களை இந்த முறை பெயர் மாற்றி, மறுபடி புதுப் பெட்டியில் இறக்குவது என்று சார் முறை சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன், தாஸ் தட்டினார். முதலில் வளை. பெயரில் எங்கேயோ ஓர் எழுத்து தவறிப்போயிருக்க வேண்டும். திரையில் அதே பழைய கேள்வி வந்து நின்றது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மாற்றட்டுமா?

தாஸ் மவுஸிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் பக்கத்தில் சார் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்.

"நான் தொடமாட்டேன்," என்றார் தாஸ். "இன்னா கேக்குதுன்னு மொதல்ல எல்லாரும் படிங்க."